‘சார்’ போய் ‘இன்ட்’ வந்தால்

சி மொழியில் ‘சார்’ என்பது ஒரு பைட்டில் அடங்கும் எண். அதில் எதிர்ம எண்ணும் அடங்குமா என்பதை மொழியின் தரநிர்ணயம் கம்பைலரிடமே விட்டுவிட்டது. லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி சிப்களுக்கு அதன் எல்லை -128 முதல் 127 வரை. ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் கருவிகளுக்கு 0 முதல் 255 வரை. ஓரிடத்தில் ஒழுங்காக ஓடும் நிரல் இன்னோரிடத்தில் தடுமாற இது ஒன்றே போதும்.

உள்ளீட்டை பைட் பைட்டாகப் படிக்கும் லூப்பில் இந்தக் கோளாறு அடிக்கடி தலைகாட்டும். ‘கெட்சார்’ என்ற செயற்கூறு, படிக்க எதுவும் மிச்சமில்லை என்றால் வழக்கமாக -1ஐத் தரும். அதை ‘சார்’ மாறியில் வாங்கினால் ஆர்மில் அது 255 ஆகிவிடும். லூப் முடிவே இல்லாமல் சுற்றும். திருத்தம் ஒரே ஒரு சொல்: ‘சார்’ இருந்த இடத்தில், ஒரு பைட்டைவிடப் பெரிய ‘இன்ட்’.

ஒரு சொல்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவிட முடியாது. இதே கோளாறுக்கு, எதிர்ம எண்ணையும் ஏற்கும் ‘சைன்ட் சார்’ என்று மாற்றியும் பேட்ச் (திருத்தம்) வரலாம். ஆர்மில் லூப் நின்றுவிடும். ஆனால் உள்ளீட்டில் 255 என்ற பைட் வந்தாலும் அது -1 ஆகி, நிரல் அங்கேயே நின்றுபோகும். ஜேபெக் படத்தின் முதல் பைட்டே 255தான். அதற்கு மேல் எதுவும் படிக்கப்படாது. இன்டெல் கணினியில் ஏற்கெனவே மறைந்திருந்த பிழையை ஆர்முக்கும் கொண்டுபோகும் அந்தப் பேட்ச்சைத் திருப்பி அனுப்புவதே முறை.

சரியான ‘இன்ட்’ பேட்ச்சிலும் ஓர் ஆபத்து உண்டு. அந்த மாறியின் முகவரியைக் கொடுத்து ஒரு பைட் மட்டும் எழுதச் சொல்லும் வரி கீழே எங்காவது இருக்கலாம். இன்டெல், ஆர்ம் இரண்டிலும் அது சரியாகவே எழுதும். எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைக்கும் ஐபிஎம் மெயின்பிரேமிலோ வெறும் பூஜ்யம் போய் விழும். எனவே மாற்றிய வரியோடு நிற்காமல், அந்த மாறி போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

சோதிக்க ஆர்ம் கருவி கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஜிசிசி, கிளாங் ஆகிய இரு கம்பைலர்களிலும் ‘சார்’ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் தேர்வு உண்டு. இருவிதமாகவும் கம்பைல் செய்து, 255 கலந்த ஒரு கோப்பையும் வெற்றுக் கோப்பையும் கொடுத்துப் பார்த்தால் போதும்.

2023 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் கெர்னல் 6.2 இந்தத் தேர்வையே நிரந்தரமாக்கியது. அதிலிருந்து கெர்னலுக்குள் எல்லாச் சிப்களிலும் ‘சார்’ எதிர்ம எண் ஏற்காது. எதிர்ம எண்ணை எதிர்பார்த்திருந்த வரிகளில் ‘சைன்ட்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டியதாயிற்று.