நீரைப் பகுப்பது எது?

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உரூபாவும் நல்க, பண்டித நேரு 1948 சூலையில் அடிக்கல் நாட்ட, 1953 சனவரியில் டாக்டர் இராதாகிருட்டிணன் திறந்துவைத்தது காரைக்குடி மைய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மின்வேதியியலின் ஒரு கிளை, கதிரொளிகொண்டு நீரிலிருந்து நீரகம் பெறுதல். இதனை ‘ஒளிநீர்ப்பகுப்பு’ எனப் பெயரிட எவர்க்கும் தோன்றும். அப்பெயர் பொருந்தாது என்பதே நம் கருத்து.

கதிரொளி தானே நீரைப் பகுக்குமாயின், செட்டிநாட்டு ஊருணிகள் பகற்பொழுதிலேயே வளியாகிப் போயிருக்கும். நீர், கட்புலனாகும் ஒளியைப் பெரிதும் ஏற்பதில்லை. ஏற்பது, நீருள் நிற்கும் குறைகடத்தி. (இதனை ‘அரைக்கடத்தி’ என்பாரும் உளர், அதன் கடத்துந்திறன் உலோகத்தினதிற் பாதியன்று ஆதலின் ‘குறை’ என்பதே தக்கது.) போதிய ஆற்றலுள்ள ஒளி அதன்மேற் பட்டவழி எலெக்ட்ரான் ஒன்று கட்டுநீங்கி மேனிலைக்கு ஏறும், அது நீங்கிய இடம் ‘துளை’ எனப்படும். துளை நீரினின்று எலெக்ட்ரானைக் கவர, உயிரகம் வெளிப்படும். ஏறிய எலெக்ட்ரான் கம்பிவழிச் சென்று, எதிர்நிற்கும் பிளாட்டின மின்வாயில் நீரகத்தை விடுவிக்கும். சப்பானியராகிய புசிசிமாவும் ஓண்டாவும் டைட்டேனியம் டை ஆக்சைடு கொண்டு இதனைச் செய்து 1972இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

இடர்ப்பாடு இனித்தான் தொடங்குகிறது. நீரைப் பகுக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். டைட்டேனியம் டை ஆக்சைடோ ஏறத்தாழ 3 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை வேண்டுவது. ஆதலின் கதிரொளியிற் சிறுபகுதியாகிய புறஊதாக் கதிரையே அது பயன்கொள்ளும். காட்மியம் சல்பைடுக்கு 2.4 போதும், கட்புல ஒளியையும் அது ஏற்கும். ஆனால் அதன்கண் தோன்றும் துளைகள் நீரை விட்டுச் சல்பைடையே தாக்க, மின்வாய் கரைந்தழியும். நிலைப்பது ஒளியைக் குறைவாக ஏற்கிறது; நன்கு ஏற்பது நிலைப்பதில்லை. செம்மண்ணுக்கு நிறந்தரும் இரும்பு ஆக்சைடு மலிவானது, நீரில் நிலைப்பது, கட்புல ஒளியையும் ஏற்பது; எனினும் அதனுள் பிறக்கும் துளைகள் மேற்பரப்பை அடையுமுன் பெரும்பாலும் எலெக்ட்ரானோடு கூடி மறைகின்றன.

இவ்விடர்கள் அனைத்தும் மின்வாயைப் பற்றியன. ஒளியையோ நீரையோ பற்றியன அல்ல. ஆதலின் ‘ஒளிமின்வாய் நீர்ப்பகுப்பு’ என்று வழங்குக என்போம். சொல் சற்று நீண்டதே. ஆயினும் வினைமுதலை மறைக்கவில்லை.