சோபாவில் ஈரம்

"வேணும்னே பண்ணுது."

பூனை வளர்க்கும் வீட்டில் என்றாவது ஒரு நாள் இந்த வார்த்தை விழும். எங்கள் வீட்டில் சொன்னது அம்மா. துவைத்து மடித்து வைத்த வேட்டி அடுக்கின்மேல் சோமு மூத்திரம் போயிருந்தான். அதற்கு இரண்டு நாள் முன்பு சோபா. நாங்கள் ஊருக்குப் போய்வந்த கோபத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறான் என்பது அம்மாவின் தீர்ப்பு. எனக்கும் அப்போது அது சரியாகவே பட்டது.

பூனை மூத்திரத்தால் பழிவாங்குவதில்லை. மண் தட்டை விட்டு வெளியே போகிறது என்றால் பெரும்பாலும் வலி, பயம், அருவருப்பு இந்த மூன்றில் ஒன்று இருக்கும். எது என்று பார்க்காமல் கழுத்தைப் பிடித்து ஈரத்தில் மூக்கைத் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தண்டனையிலிருந்து பூனை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது. அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் போகும்.

மண்ணைப் பறித்து, போய், மூடிவைப்பது பூனைக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல. மூன்று நான்கு வாரக் குட்டியே தளர்ந்த மண்ணைக் கண்டால் காலால் பறிக்கத் தொடங்கிவிடும். பாட்டி வீட்டுப் பூனைக்கு அடுப்புச் சாம்பல் கொட்டும் மூலை இருந்தது. தெருவில் யாராவது வீடு கட்டினால் அவர்களுடைய மணல்மேடு இருந்தது. அமெரிக்காவிலும் வெகுகாலம் சாம்பலும் மணலும்தான். 1947-இல் மிச்சிகனில், சாம்பலை மிதித்த கால்தடம் வீடெல்லாம் பதிகிறதென்று புலம்பிய ஒரு பெண்ணுக்கு, எட் லோ என்பவர் எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்படுத்தும் களிமண் துகளைக் கொடுத்துப் பார்த்தார். இன்று நாம் மூட்டையாக வாங்கும் 'லிட்டர்' அங்கே தொடங்கியது. (கடையில் "பத்துக் கிலோ லிட்டர்" என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்.) ஈரம் பட்டதும் கட்டியாகிற வகை பெண்டோனைட் களிமண், அது நம் கட்ச் பகுதியிலேயே வெட்டி எடுக்கப்படுகிறது.

மூன்றாம் மாடி வீட்டில் மணல்மேட்டுக்குப் பதிலாக நாம் வைப்பது ஒரு பிளாஸ்டிக் டப். அதை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதில்தான் பாதித் தகராறு. பெரும்பாலான வீடுகளில் அது குளியலறைக்குள் போய்விடுகிறது. நம் குளியலறையோ எப்போதும் ஈரம். யாராவது குளித்தால் தண்ணீர் தெறிக்கும், கதவு சாத்தினால் வழி அடைபடும். பால்கனியில் வைத்தால் ஐப்பசி மழையில் களிமண் சேறாகும். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒரு நாள் திடீரென்று அதிரும். அந்தப் பயத்துக்குப் பிறகு பூனை அந்தப் பக்கம் தலைவைக்காது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அருகிலும் ஆகாது. ஆள் நடமாட்டம் குறைந்த, ஆனால் ஓடித் தப்ப வழியுள்ள, ஈரமில்லாத மூலைதான் தேவை.

டப், பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். கடையில் அழகாக மூடியோடு விற்பதைவிட, துணி ஊறவைக்கும் அகலமான டப் மேல். மூடிக்குள் நாற்றம் தங்கும். குட்டிக்கும் வயதான பூனைக்கும் விளிம்பு தாழ்ந்திருக்கட்டும். மண் இரண்டு விரற்கடை உயரம், வாசனை சேர்க்காதது. மல்லிகை மணம் என்று பையில் போட்டிருப்பது நம் மூக்குக்காக. பூனையின் மூக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை. ஒரு பூனைக்கு இரண்டு டப், இரண்டுக்கு மூன்று என்பது கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான்.

புதிதாக வந்த குட்டியை முதல் சில நாள் ஒரே அறையில் வையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் தூக்கி டப்பில் விட்டால் போதும். முன்னங்காலைப் பிடித்துப் பறித்துக்காட்ட வேண்டாம், மிரண்டுவிடும். இன்னும் வாயில் எதையும் போடும் வயது என்றால் கட்டியாகிற மண் ஆகாது; விழுங்கினால் வயிற்றிலும் கட்டியாகும். வேறு வகை மண்ணுக்கு மாற்றுவதென்றால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். சுத்தம் செய்வது தினமும். தனிக் கரண்டி வாங்காவிட்டால் பழைய ஜல்லிக்கரண்டி போதும், அது மறுபடி அடுக்களைக்குள் வராத வரை.

இவ்வளவும் சரியாக இருந்தும் வெளியே போகிறதா? நின்றபடி, வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்கள் விட்டுவிடும். உட்கார்ந்து போகிறது என்றால் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: சிறுநீர்ப்பை அழற்சி, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, வயதானதென்றால் மூட்டுவலி. டப்பில் உட்காரும்போதெல்லாம் எரிந்தால், பூனை பழி போடுவது டப்பின் மேல். மெத்தையும் வேட்டியும் மெத்தென்று இருக்கின்றன, அங்கே வலிக்காது என்று அது நம்பிப் பார்க்கிறது.

சோமு விஷயத்தில் இதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். வேட்டி சம்பவத்துக்கு மறுநாள் அவன் டப்புக்கும் சமையலறைக்குமாக அலைந்தான். உட்கார்ந்து முக்கினான், கத்தினான், ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று முடிவு கட்டி விளக்கெண்ணெய் தேடினேன். தொலைபேசியில் பேசிய கால்நடை மருத்துவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கடுவனா?"

கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சளி போன்ற பொருளும் மணல் போன்ற படிகமும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்தால் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுபோகும். முக்கியும் சொட்டு வராமல் இருப்பது, பின்புறத்தை ஓயாமல் நக்குவது, வாந்தி, கல்போல் இறுகிய அடிவயிறு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது, அந்த நேரமே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும்.

அடுத்த ஆபத்து துடைக்கும் வாளியில் இருக்கிறது. நாற்றம் என்றதும் நம் கை பினாயிலுக்குத்தான் போகும். ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினி எதையும் பூனை இருக்கும் வீட்டில் தள்ளிவைப்பது நல்லது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்; மூத்திரத்து அம்மோனியாவோடு சேர்ந்து நம் மூச்சையே அடைக்கும் வாயு கிளம்பும். பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு என்சைம் கலந்த திரவம் தெளிக்க வேண்டும். வாசனை மிச்சமிருந்தால் அதே இடம் அதற்குக் கழிப்பிடம்தான்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைத் துரத்தச் சொல்வார்கள். பயத்தில் நியாயம் உண்டு, தீர்வில் இல்லை. டாக்சோபிளாஸ்மா கிருமியின் முட்டைகள் பூனையின் மலத்தில் வரலாம்; ஆனால் அவை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் வேறொருவர் அள்ளிப் போட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். வேகாத இறைச்சியிலிருந்தும் தோட்டத்து மண்ணிலிருந்தும் அதே கிருமி வரும் என்பதைத் துரத்தச் சொல்பவர்கள் சொல்வதில்லை. அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள், பெண்டோனைட் குழாய்க்குள் ஊதி அடைக்கும். மக்கும் குப்பையோடும் கலக்காதீர்கள். தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அந்தக் குப்பையைக் கையால் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார்.

இனி சங்கத்துக்காரர்கள். அடுக்ககத்தில் வளர்ப்புப் பிராணியே கூடாதென்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது, பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நாய்களை முன்வைத்து எழுதியதுதான் என்றாலும் வாதம் பூனைக்கும் பொருந்தும். வாடகைக்கு இருப்பவர் தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே சமயம் படிக்கட்டில் மூத்திர வாடை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படுவது அவருடைய உரிமை. துடைப்பது நம் கடமை. அந்தக் கோபத்தில் யாராவது விஷம் வைத்தால் அது வேறு வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

தாங்க முடியாமல் மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவின் தொடர்ச்சியாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, பசியிலோ தாகத்திலோ தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு பை லிட்டர் வாங்கவும் போதாத தொகை. வீட்டுக்குள் வளர்ந்த பூனை அந்தத் தெருவில் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடாத சட்டம். வைத்துக்கொள்ள முடியாதென்றால் தெரிந்தவர், விலங்குநல அமைப்பு என்று கேட்டு இன்னொரு வீட்டில் சேருங்கள். நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சோமுவுக்குக் குழாய் வைத்து அடைப்பை எடுத்தார்கள். இப்போது இரண்டு டப், ஈர உணவு, மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். காலையில் ஜல்லிக்கரண்டியோடு முதலில் போவது அம்மா. கட்டிகளை எண்ணிவிட்டு அங்கிருந்தே குரல் கொடுப்பார்: "இன்னிக்கு மூணு. சரியாத்தான் போயிருக்கான்."