அன்றே வீடு திரும்பலாமா?

உடல் எடையைக் குறைக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சையைக் காலையில் முடித்துக்கொண்டு, மாலையே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். அமெரிக்கா, பிரான்ஸ், நெதர்லாந்து மருத்துவமனைகள் சிலவற்றில் இது நடைமுறைக்கே வந்துவிட்டது. செலவு குறையும் என்பது முக்கியமான காரணம். இதுவரை ஓர் இரவாவது எதற்காக நோயாளியை மருத்துவமனையில் வைத்திருந்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்று அதிகம் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ முறை. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, லேப்ராஸ்கோப்பி மூலம் செய்வது. வாய் வழியாக இரைப்பைக்குள் விரல் பருமனில் ஒரு குழாயை இறக்கி, அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஸ்டேப்ளரால் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அந்தக் கருவி வெட்டின் இருபுறமும் வரிசை வரிசையாக நுண்ணிய டைட்டானியம் பின்களைப் பதித்து, நடுவில் அறுக்கும். இரைப்பையில் முக்கால் பங்கு வெளியே வந்துவிடும். மிஞ்சுவது நேந்திரம்பழம்போல் வளைந்த ஒரு குழல்.

பெரிய ஆபத்துகள் பின்கள் பதித்த அந்த நீண்ட கோட்டில்தான் இருக்கின்றன. ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இரைப்பை நீர் கசிவது வேறு. ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு நேரும் அந்தக் கசிவு பல நாள் கழித்து, நோயாளி வீட்டில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் வெளிப்படும். ஓர் இரவு தங்கினாலும் அது பிடிபடாது. பிறகு எதற்குத் தங்க வேண்டும் என்று சில மருத்துவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், வீட்டில் இருப்பவரைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதும் அதே உண்மையிலிருந்துதான் வருகிறது.

எச்சரிக்கையும் உண்டு. இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ செய்துகொண்ட சுமார் 52,000 அமெரிக்கர்களின் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. இரண்டு நாள் தங்கியவர்களோடு ஒப்பிட்டால், அன்றே அனுப்பப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 13 மடங்கு. அன்றே அனுப்பியதுதான் காரணம் என்று இத்தகைய பதிவுகளால் நிரூபிக்க முடியாது. இருந்தாலும், ஒதுக்கித்தள்ளக்கூடிய எண் அல்ல. அதற்குப் பின், நெதர்லாந்தில் நோயாளியின் உடலில் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி அனுப்பி, நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் மருத்துவமனையில் இருந்தபடியே பார்க்கத் தொடங்கினார்கள். அன்றே அனுப்புவதென்றால் இந்த வழிதான் சரி என்று எனக்குப் படுகிறது.

வீட்டில் நடப்பது இதுதான். 30 மில்லி மருந்துக் குவளையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். குமட்டல் வந்தால் அதுவும் இறங்காது. உடலில் நீர் வற்றி, டிரிப்ஸ் ஏற்றத் திரும்பி வருகிறவர்கள் கணிசம். காலில் ரத்தம் உறையாமலிருக்க வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கலாம். சர்க்கரை மாத்திரையின் அளவு ஓரிரு நாளிலேயே மாறும். வலி பெரிதாக இல்லாமலேயே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால், அது கசிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சலுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம் அது.

செலவுக் கணக்கு அவ்வளவு பெரிதல்ல. அறுவை அரங்கு, மயக்க மருந்து, ஒருமுறை மட்டுமே பயன்படும் ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ்கள், இவற்றின் செலவு அன்றே போனாலும் மறுநாள் போனாலும் ஒன்றுதான். குறைவது கட்டிலும் இரவு நர்ஸும். அவசரப் பிரிவுக்கு ஒருமுறை திரும்பி வந்தாலே மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். தூக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ளவர்கள், இதய நோயாளிகள், ஏற்கெனவே ஒருமுறை இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் போன்றோருக்கு மருத்துவமனைக் கட்டிலே பாதுகாப்பு. வெளி மாவட்டத்திலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ வந்து இந்த அறுவையைச் செய்துகொள்கிறவர் முதல் சில நாளாவது பக்கத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். அந்த அறை வாடகையையும் கணக்கில் சேர்த்துத்தான் எது மலிவு என்று பார்க்க வேண்டும்.