வெள்ளி இரவு 12.40 மணி: எந்த இரவு?

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். பயணத்தை ஏற்பாடு செய்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இதுதான்: "வெள்ளி இரவு 12.40 ஏ.எம். ஃப்ளைட். மூன்று மணி நேரம் முன்னால் வரவும்." அவர்களும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, சொந்தங்களிடம் துஆ கேட்டு, அன்றிரவு ஒன்பது மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் நின்றார்கள். அவர்கள் ஏற வேண்டிய விமானம் அன்று அதிகாலையே ஜித்தாவில் இறங்கியிருந்தது.

ஊர் திரும்பியபோது வீட்டிலிருந்த எண்பது வயது மூதாட்டி கேட்டாராம்: "வெள்ளி ராவுன்னா வியாழக்கிழமை மஃரிபுக்குப் பொறவு வர்ற ராவுதானே வாப்பா? அதுகூடவா தெரியாது?"

பாட்டி சொன்ன கணக்கில் போயிருந்தால் விமானம் கிடைத்திருக்கும். நம் மார்க்கக் கணக்கில் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. இரவு முந்தி, பகல் பிந்தி. அதனால்தான் பிறை பார்த்த அந்த இரவே ரமளானின் முதல் இரவாகித் தராவீஹ் தொழுகிறோம். கடிகாரக் கணக்கிலோ நாள் நள்ளிரவில் மாறுகிறது. நம் பேச்சு வழக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். இந்த மூன்று கணக்குகளையும் ஒரே வாயால் பேசுகிறோம். எந்த நேரத்தில் எந்தக் கணக்கைச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்வதில்லை.

முதலில் அந்த ஏ.எம்., பி.எம். விவகாரத்தைப் பார்ப்போம். இவை லத்தீன் சொற்களின் சுருக்கம். ஏ.எம். என்றால் நண்பகலுக்கு முன், பி.எம். என்றால் நண்பகலுக்குப் பின். அப்படியானால் சரியாக நண்பகல் 12 மணி எதில் சேரும்? அது முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அதுவே நண்பகல். நள்ளிரவு 12 மணியோ போன நண்பகலுக்குப் பின்னாகவும் இருக்கிறது, வரும் நண்பகலுக்கு முன்னாகவும் இருக்கிறது. ஆக 12 மணிக்கு இந்த இரண்டு எழுத்துகளும் சொல்லின்படி பொருந்தவே இல்லை. பகல் 12ஐ பி.எம். என்றும் இரவு 12ஐ ஏ.எம். என்றும் எழுதுவது நாமாக வைத்துக்கொண்ட வழக்கம்தான். அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடே வெகுகாலம் இதைத் தலைகீழாகச் சொல்லிவந்து, 2008ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் மாற்றிக்கொண்டது. நம் ஊர்க்காரர் தடுமாறியதில் ஆச்சரியமில்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், இந்தக் கடிகாரத்தில் 12 என்பது பூஜ்யத்தின் வேலையைச் செய்கிறது. 11க்குப் பிறகு 12 வருவதால் அதை முடிவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது தொடக்கம். 12 என்று இருக்கும் இடத்தில் 0 என்று வைத்துப் படித்துப் பாருங்கள். 12.40 ஏ.எம். என்பது 0.40, அதாவது வெள்ளிக்கிழமை பிறந்து நாற்பதே நிமிடம். ரயில்வேயில் 00.40 என்று 24 மணிக் கணக்கில் போடுவது இதற்காகத்தான். (அதையும் மறுநாள் இரவு என்று எண்ணி நடைமேடையில் நிற்பவர்கள் உண்டு.)

இனி நண்பகல். 12 மணி அடித்தால் லுஹர் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். லுஹரின் நேரம் கடிகார முள்ளோடு கட்டப்படவில்லை. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 78ஆவது வசனம் சூரியன் சாய்வதைத்தான் தொழுகைக்கு அடையாளமாகக் கூறுகிறது. சூரியன் உச்சியைக் கடந்து மேற்கே சாயத் தொடங்குவதே ஜவால். உச்சியில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் தொழுவது தடுக்கப்பட்டிருக்கிறது. ஜும்ஆ நாளில் அதற்கு விலக்கு உண்டு என்பது ஷாஃபி மத்ஹபின் கருத்து.

நம் கடிகாரம் காட்டும் நேரம் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் சுமார் 9 நிமிடம் பிந்துகிறது. கோவை சுமார் 22 நிமிடம். இது போதாதென்று, பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாகவும் பூமியின் அச்சு சாய்ந்தும் இருப்பதால், ஆண்டு முழுவதும் உச்சி நேரம் முன்னும் பின்னும் நகர்கிறது. பிப்ரவரி நடுவில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறத்தாழ 12.23. நவம்பர் தொடக்கத்திலோ 11.53க்கே உச்சி தாண்டிவிடுகிறது! கோவையில் அதே பிப்ரவரியில் 12.36. அங்கே 12.25க்குத் தக்பீர் கட்டியவர் நேரம் வருமுன்பே தொழுதவராகிறார். சென்னை அட்டவணையைக் கோவைப் பள்ளிவாசல் சுவரில் ஒட்டக் கூடாது என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்த நுட்பத்தை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் நேரம் கணிப்பவராக இருந்த இப்னு ஷாத்திர், 1371வாக்கில் அதன் மினாராவுக்காக ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தையே செதுக்கிவைத்தார். பன்னிரண்டு என்ற எண்ணும் நமக்குப் புதிதல்ல. ஜும்ஆ நாளின் பகல் பன்னிரண்டு மணி நேரம் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஆனால் அந்தக் கால மணி நேரம் நம்முடைய 60 நிமிடமல்ல. பகல் எவ்வளவு நீளமோ அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கோடையில் நீளும், குளிரில் சுருங்கும். உஸ்மானியர் ஆட்சியில் இன்னொரு வழக்கம்: சூரியன் மறையும்போது கடிகாரத்தில் 12 காட்டும்படி முள்ளைத் திருப்பிவைப்பார்கள். துருக்கி அதை 1926இல் கைவிட்டது. சவூதியில் 1960கள் வரை புழக்கத்தில் இருந்தது. மக்காவில் அன்று "ஒரு மணி" என்றால் மஃரிப் கழிந்து ஒரு மணி நேரம் என்று பொருள்.

நள்ளிரவும் அப்படித்தான். மார்க்கத்தில் நள்ளிரவு என்பது மஃரிபுக்கும் ஃபஜ்ருக்கும் நடுப்புள்ளி. மஃரிப் 6 மணி, ஃபஜ்ர் 5 மணி என்றால் இரவு 11 மணி நேரம். பாதி 5 மணி 30 நிமிடம். ஆக நள்ளிரவு 11.30க்கே வந்துவிடும். தஹஜ்ஜுதுக்குச் சிறப்பான கடைசி மூன்றில் ஒரு பகுதி 1.20க்குத் தொடங்கும். "பன்னிரண்டு ஆகலையே, இஷாவைப் பிறகு தொழலாம்" என்று கடை அடைத்துவிட்டு வரும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபஜ்ர் வரை இஷா நிறைவேறும் என்றாலும், காரணமின்றிப் பாதி இரவைத் தாண்டிப் பிற்படுத்துவது ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ்.

நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி அகீகா பற்றியது. திங்கள் பகலில் குழந்தை பிறந்தால், பிறந்த நாளையும் சேர்த்து எண்ணும்போது ஏழாம் நாள் ஞாயிறு. அதே திங்களன்று இரவு 7 மணிக்குப் பிறந்தாலோ அது செவ்வாய்க் குழந்தை. ஏழாம் நாள் அடுத்த திங்கள். பிறப்புச் சான்றிதழில் திங்கள் என்றுதான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அதைக் கொடுங்கள். அகீகாவுக்கு மஃரிப் பாங்கு சொன்ன பிறகா, முன்பா என்று தாயிடம் கேளுங்கள்.

அந்தக் குடும்பத்தார் இரண்டு மாதம் கழித்து மறுபடி பணம் கட்டி உம்ரா சென்று வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். இம்முறை வந்த செய்தியைக் காட்டினார்கள்: "விமானம் 00.40. வியாழக்கிழமை இஷாவை விமான நிலையத்தில் வந்து தொழவும்."