சிகிச்சை குறையாமல் புகையைக் குறைக்கலாம்

நோயைக் குணப்படுத்தும் மருத்துவமனைகளும் பூமியைச் சூடாக்குகின்றன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். இரவு பகலாக ஓடும் ஏசி, ஆம்புலன்ஸ், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக், மருந்துத் தயாரிப்பு என எல்லாவற்றுக்கும் எரிபொருள் செலவாகிறது. உலகம் வெளியிடும் வெப்ப வாயுக்களில் 4 முதல் 5 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருவதாகக் கணக்கிட்டுள்ளனர். பூமி சூடாகச் சூடாக நோய்களும் பெருகும். மருத்துவமனையில் கூட்டமும் கூடும்.

இதை மாற்ற, 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். உறுதி எடுத்தது. தான் நேரடியாக வெளியிடும் வாயுக்களை 2040க்குள்ளும், வாங்கும் மருந்து, கருவிகளால் உண்டாவதையும் சேர்த்து 2045க்குள்ளும் நிகர பூஜ்ஜியமாக்க வேண்டும் என்பது இலக்கு. ஒரு நாட்டின் மருத்துவ சேவை இப்படி உறுதியளித்தது உலகில் அதுவே முதல் முறை.

இதற்காகச் சிகிச்சையைக் குறைக்கிறார்களா? இல்லை. வீண்விரயத்தைத்தான் குறைக்கிறார்கள்.

அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுக்கப் பயன்பட்ட டெஸ்ஃப்ளூரேன், கரியமில வாயுவைவிடச் சுமார் 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அதே வேலையைச் செய்யும் வேறு மருந்துகள் இருப்பதால், தவிர்க்க முடியாத சில நிலைகள் தவிர 2024 முதல் அதை அங்கே நிறுத்திவிட்டனர்.

நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மயக்க வாயு, நோயாளியைச் சேருமுன்பே குழாய்க் கசிவில் பெருமளவு வீணாவது தெரியவந்தது. பல மருத்துவமனைகள் குழாயை மூடிவிட்டுச் சிறு சிலிண்டர்களுக்கு மாறின.

ஆஸ்துமாவுக்கான ஸ்பிரே இன்ஹேலரில் மருந்தை வெளியே தள்ளும் வாயுவும் பூமியைச் சூடாக்குவதே. பொடியை உறிஞ்சும் இன்ஹேலரில் அந்த வாயு இல்லை.

இரு வகையும் நம் ஊரிலும் கிடைக்கின்றன. ஆனால் நீங்களாக மாற்றிவிடாதீர்கள். சிறு குழந்தைகளுக்கும், பொடியை வேகமாக உறிஞ்ச முடியாதவர்களுக்கும் ஸ்பிரேயே தேவைப்படலாம். மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சொன்னபடி தினமும் மருந்தெடுத்து ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைத்தால், அவசர ஸ்பிரேயின் தேவையும் ஆம்புலன்ஸ் பயணமும் குறையும். தேவைக்கு மேல் மருந்து வாங்கிக் காலாவதியாக விடாதீர்கள். நோய் வராமல் காப்பதே உடலுக்கும் பூமிக்கும் நல்லது.