லைசென்ஸ் வேண்டாம் என்றால் கொக்கைச் சுடலாமா? ஏர்கன்னின் 20 ஜூல் கணக்கு

"லைசென்ஸ் எல்லாம் வேண்டாம் சார், அடையாள அட்டை காப்பி குடுத்தா போதும்." ஏர்கன் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் வாசகம் பெரும்பாலும் இதுதான். கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆனால் வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும் அதைக் கொஞ்சம் நீட்டிப் புரிந்துகொள்கிறார். லைசென்ஸ் வேண்டாம் என்றால் ஆபத்தில்லை, ஆபத்தில்லை என்றால் கண்மாயில் நிற்கும் கொக்கைச் சுட்டுப் பார்க்கலாம் என்று. இரண்டுமே தப்பு. இரண்டாவது தப்பு ஜெயில் வரை கொண்டுபோய் விடும்.

எந்த ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்?

2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கின்றன. குழலைவிட்டு வெளியேறும்போது குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்தை, அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதில் ஏதாவது ஒன்றைத் தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். "0.22 தான் சார், ஆனா பவர் கம்மி" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பவர் கம்மியாக இருந்தாலும் விட்டம் பெரிசு, லைசென்ஸ் கட்டாயம்.

20 ஜூல் என்பது எவ்வளவு? ஒரு கிலோ தக்காளிப் பையை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால், தரையில் மோதும்போது இருப்பது ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல். கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏர்கன்னில் அந்த ஆற்றல் முழுவதும் அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டில், நாலரை மில்லிமீட்டர் அகலத்தில் குவிந்து வருகிறது. 0.52 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்றால் வேகம் நொடிக்குச் சுமார் 277 மீட்டர்.

ஒப்பிட வேண்டுமென்றால், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிகளில் பயன்படுத்தும் துப்பாக்கி ஏறக்குறைய ஏழு, ஏழரை ஜூலில்தான் சுடுகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பதக்கங்களைக் குவித்ததும் அந்த வகைத் துப்பாக்கியில்தான். அங்கே பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதை அடிக்கக் குறிதான் முக்கியம், பவர் கூட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

'1,000 எஃப்பிஎஸ்' விளம்பரம்

ஆன்லைனில் தேடினால் "1,000 எஃப்பிஎஸ்", "1,200 எஃப்பிஎஸ்" என்று பெரிய எழுத்தில் வரும். நொடிக்கு எத்தனை அடி என்ற கணக்கு அது. எந்த எடையுள்ள குண்டை வைத்து அளந்தார்கள் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

1,000 அடி என்பது சுமார் 305 மீட்டர். 0.34 கிராம் எடையுள்ள லேசான உலோகக் கலவைக் குண்டு அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 16 ஜூல்தான். வழக்கமான 0.52 கிராம் ஈயக் குண்டு அதே வேகத்தில் போனால் 24 ஜூல். முதலாவது வரம்புக்குள், இரண்டாவது வரம்புக்கு வெளியே. "ஸ்பிரிங் மாத்திக் குடுக்கறேன், பவர் ஏறும்" என்று மெக்கானிக் சொல்வதைக் கேட்டு மாற்றுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். வாங்கும்போது 18 ஜூலாக இருந்தது மாற்றிய பிறகு 22 ஆகிவிட்டால், வீட்டில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். பில்லைக் காட்டித் தப்பிக்க முடியாது.

எவ்வளவு தூரம் போகும்?

'போகும் தூரம்' வேறு, 'பயன்படும் தூரம்' வேறு. மேல்நோக்கிச் சுட்டால் பெல்லட் சில நூறு மீட்டர் போய் விழும். குறிவைத்து அடிக்கக்கூடிய தூரம் அதில் சிறு பங்குதான்.

பெல்லட்டின் வடிவத்தைப் பாருங்கள். இடுப்புச் சிறுத்து, பின்பக்கம் பாவாடைபோல விரிந்திருக்கும். அது நேராகப் பறக்க உதவுகிறது, கூடவே காற்றிடம் ஆற்றலையும் பறிகொடுக்கிறது. சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டு 45, 50 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய பாதி ஆற்றலை இழந்துவிடும். அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் ஒரு சாண் அளவுக்குக் கீழே இழுத்திருக்கும். பக்கவாட்டில் மிதமான காற்று அடித்தால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் விலகல் சர்வசாதாரணம்.

பிரிட்டனில் இது சட்டபூர்வமான வேட்டைக் கருவி. அங்கே லைசென்ஸ் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல் வரம்பு. 1969 முதல் இதே எண்தான். ஸ்காட்லாந்தில் மட்டும் 2016 இறுதியிலிருந்து வரம்புக்குள் இருந்தாலும் சான்றிதழ் வேண்டும். பயிரை அழிக்கும் முயலையும் காட்டுப்புறாவையும் அதில் சுடுகிறார்கள். அனுபவசாலிகள் பெரும்பாலும் 30 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை. அந்த தூரத்துக்குப் பிறகும் குண்டில் பவர் இருக்கும். ஆனால் முயலின் தலையில் உடனே சாகும் இடம் ஒரு எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் அதற்குள் அடிக்க முடியாவிட்டால் மிஞ்சுவது குண்டோடு ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும் பிராணி.

அப்படியானால் 30 மீட்டருக்கு அப்பால் இருக்கும் மனிதருக்குப் பயமில்லையா? இருக்கிறது. 0.177 பெல்லட் மனிதத் தோலைத் துளைக்க நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகம் போதும் என்று தடயவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆற்றலில் மூன்று ஜூல்கூட இல்லை. கண்ணுக்கு அதைவிடக் குறைவே போதும். புறாவுக்கு வைத்த குறி தவறி, பாதி ஆற்றலோடு வரும் குண்டுக்கும் அந்தச் சக்தி தாராளமாக உண்டு. மொட்டைமாடியில் பையனிடம் ஏர்கன்னைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகும் அப்பாக்களுக்காகவே இந்தப் பத்தி.

சுட்டால் என்ன ஆகும்?

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அது எந்த ஆயுதம் என்று பார்ப்பதில்லை. கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும், அதற்கு முயற்சி செய்வதும் அந்தச் சட்டத்தின்படி வேட்டைதான். குறி தப்பிவிட்டது என்பது சமாதானம் ஆகாது.

"காக்கா, வௌவால் எல்லாம் சுடலாம்னு சொல்றாங்களே?" முன்பு காகம், பழந்தின்னி வௌவால், எலி போன்றவற்றைத் தொல்லை தரும் உயிரினங்கள் என்று ஒரு தனிப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022-ல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்துமாவுக்கு மருந்து என்று வௌவாலைச் சுடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சுட்டால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு.

அருணாசலப் பிரதேசத்தில் பறவைகள் அருகிவருவதைப் பார்த்து, 2021-ல் மக்களே ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கத்தை அரசு தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. லைசென்ஸ் வேண்டாத ஆயுதம் ஒரு காட்டை எவ்வளவு அமைதியாக்க முடியும் என்பது அங்கே உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விவசாயிகளின் கேள்வி வேறு. "பன்னி மொத்தக் கடலையையும் தோண்டிட்டுப் போயிடுது, நாங்க என்ன பண்றது?" நியாயமான கோபம். ஆனால் ஏர்கன் இதற்குத் தீர்வே இல்லை. சாதாரண 0.22 தோட்டா துப்பாக்கியே 150 ஜூல் அளவுக்குச் சுடுகிறது, அதுவும் காட்டுப்பன்றிக்குப் போதாது. 20 ஜூலில் சுட்டால் பன்றிக்குக் காயம் படும், வெறி ஏறும், பக்கத்துக் காட்டில் வேலை செய்பவர் மீது பாயும். சுடுவதற்கான அதிகாரம் வனத்துறையிடம்தான் இருக்கிறது. பயிர்ச் சேதத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். அலைச்சல்தான், மறுக்கவில்லை.