தானே கியர் மாற்றும் காரில் இரண்டு தகடுகள் எதற்கு?

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ புதிதாக ஒரு ஆட்டோமாட்டிக் கார் வாங்கியிருக்கலாம். அடுத்த முறை அதில் ஏறும்போது ஓட்டுநரின் காலடியைச் சற்றே குனிந்து பாருங்கள். மற்ற கார்களில் மூன்று மிதிகள் இருக்கும், இதில் இரண்டுதான். கிளச் மிதியைக் காணோம்! கியர்க் கம்பியின் அருகில் 1, 2, 3 என்ற எண்களும் இல்லை. பி, ஆர், என், டி என்ற ஆங்கில எழுத்துகளே உள்ளன. பி என்பது வண்டியை நிறுத்தி வைக்க. ஆர் பின்னோக்கிச் செல்ல. என் என்பது எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் தொடர்பற்ற நடுநிலை. டி முன்னோக்கிச் செல்ல. டி-யில் வைத்துவிட்டால் கியர் மாற்றும் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

இனி ஸ்டீயரிங்கின் பின்புறத்தைப் பாருங்கள். சில கார்களில் அங்கே இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, விரல் நீளத்தில் இரண்டு தகடுகள் இருக்கும். வலப்பக்கத் தகட்டில் கூட்டல் குறி. இடப்பக்கத் தகட்டில் கழித்தல் குறி. இவற்றைப் 'பேடில் ஷிஃப்டர்' என்பர். வலப்பக்கத்தை இழுத்தால் ஒரு கியர் கூடும். இடப்பக்கத்தை இழுத்தால் ஒரு கியர் குறையும்.

கியர் தானாகவே மாறுமென்றால், அதைக் கையால் மாற்ற இரண்டு தகடுகள் எதற்கு? நியாயமான கேள்விதான். இதற்கு விடை நம் மலைச்சாலைகளில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன், கியர் என்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

கியர் ஏன் வேண்டும்?

ஒரு பெட்ரோல் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 800 சுற்றுகளுக்குக் கீழே போனால் திணறி நின்றுவிடும். 6000 அல்லது 6500 சுற்றுகளுக்கு மேலே போனால் பழுதாகிவிடும். ஆனால் சக்கரமோ பூச்சியத்திலிருந்து சுழலத் தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் இணைத்து வைப்பதே கியரின் பணி.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். காரின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் 1.9 மீட்டர் நகரும் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்திற்கு 1000 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 525 முறை சுழலும். முதல் கியரில் எஞ்சின் 15 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும் என்றும், கடைசிக் கியரில் 3 முறைக்கு ஒரு முறை என்றும் வைத்துக்கொள்வோம். இதே வேகத்தில் முதல் கியரில் போனால் எஞ்சின் 7875 சுற்றுகள் சுழல வேண்டும். இது எல்லை கடந்தது. கடைசிக் கியரில் 1575 சுற்றுகளே போதும். எஞ்சின் நிம்மதியாக ஓடும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நிலைமை தலைகீழ். கடைசிக் கியரில் எஞ்சினுக்கு 525 சுற்றுகளே கிடைக்கும், திணறி நின்றுவிடும்.

வேகத்தோடு முறுக்கு விசையும் மாறுகிறது. எஞ்சின் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தந்தால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது, சக்கரத்திற்கு முதல் கியரில் 1650, கடைசிக் கியரில் 330 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். கியர் புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறது. அல்லது விசையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறது. நெம்புகோலில் படித்த அதே பண்டமாற்றுதான் இது.

எண்ணெய் வழியே பாயும் விசை

கிளச் மிதி எங்கே போயிற்று? இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்று பட்டு, மின் இணைப்பே இல்லாத மற்ற விசிறியும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெயை நிரப்பி, இரண்டு விசிறிகளையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால், பல ஆட்டோமாட்டிக் கார்களில் உள்ள 'டார்க் கன்வர்ட்டர்' என்னும் முறுக்கு விசை மாற்றியின் அடிப்படை கிடைத்துவிடும். ஒரு சக்கரத்தை எஞ்சின் சுழற்றுகிறது. அது வீசியெறியும் எண்ணெய் மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. இடையில் உள்ள மூன்றாவது சிறு சக்கரம், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி மீண்டும் முதல் சக்கரத்திற்கே உதவியாக அனுப்புகிறது. இதனால் புறப்படும்போது முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகக்கூடும்.

டி-யில் வைத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும், ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே வண்டி மெல்ல ஊர்வதற்குக் காரணமும் இந்த எண்ணெய்தான். எனவேதான் ஆட்டோமாட்டிக் காரில் பிரேக்கை மிதித்தபடியே கியர்க் கம்பியை நகர்த்த வேண்டும்.

இந்தத் தத்துவத்திற்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர். அவர் நினைத்தது காரை அல்ல, கப்பலை! அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-இல், 'ஹைட்ராமாட்டிக்' என்ற தானியங்கிக் கியர் பெட்டியை 1940-ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அறிமுகம் செய்தது. ஏராளமாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் முழுத் தானியங்கிக் கியர் பெட்டி அதுவே.

சூரியனும் கோள்களும்

கியர் பெட்டிக்குள் ஒரு குட்டிச் சூரிய மண்டலமே உண்டு. நடுவில் சூரியச் சக்கரம். அதைச் சுற்றி அதனோடு பல் பொருந்திய கோள் சக்கரங்கள். கோள்களைத் தாங்கும் ஒரு சட்டம். எல்லாவற்றையும் சூழ்ந்து, உட்புறம் பற்கள் கொண்ட வளையச் சக்கரம். சூரியனுக்கு 30 பற்கள், வளையத்திற்கு 60 பற்கள் என்க. வளையத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு சூரியனைச் சுழற்றினால், மூன்று சுற்றுக்குச் சட்டம் ஒரு சுற்றுச் சுழலும். சூரியனைப் பிடித்துக்கொண்டு வளையத்தைச் சுழற்றினால், ஒன்றரைச் சுற்றுக்குச் சட்டம் ஒரு சுற்றுச் சுழலும். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சூரியனைச் சுழற்றினால் வளையம் எதிர்த்திசையில் சுழலும். பின்னோக்கிச் செல்லும் கியர் கிடைத்துவிட்டது! எதையும் பிடிக்காமல், இரண்டு உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் முழுத் தொகுதியும் ஒன்றாகச் சுழலும். பற்களைப் பிரித்துச் சேர்க்க வேண்டியதே இல்லை. எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

இந்தப் பிடிப்பையும் விடுப்பையும் செய்வது எண்ணெய் அழுத்தம். எப்போது செய்வது என்று ஆணையிடுவது ஒரு சிறு கணிப்பொறி. வண்டியின் வேகம், எஞ்சினின் சுழற்சி, ஆக்சிலேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது ஆகியவற்றை நொடிக்குப் பலமுறை பார்த்து அது முடிவெடுக்கிறது. எல்லா ஆட்டோமாட்டிக் கார்களும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. சாதாரணக் கியர் பெட்டியையே மோட்டார் கொண்டு மாற்றும் வகை, இரண்டு கிளச்சுகள் கொண்ட வகை, விட்டம் மாறும் கப்பிகளில் பட்டை ஓடும் வகை ஆகியனவும் உண்டு. எந்த வகையானாலும் முடிவெடுப்பது கணிப்பொறியே.

தகடு ஒரு சுவிட்ச்

ஸ்டீயரிங்கின் பின்னுள்ள தகட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே கம்பியோ நெம்புகோலோ கிடையாது. அது வெறும் மின் சுவிட்ச். அதை இழுத்தால், "ஒரு கியர் குறை" என்ற விண்ணப்பம் கணிப்பொறிக்குச் செல்லும். அது கணக்குப் பார்த்து ஏற்கும் அல்லது மறுக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது முதல் கியரைக் கேட்டால் என்ன ஆகும்? சக்கரம் சுமார் 875 சுற்று. எஞ்சின் 13,000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். கணிப்பொறி பிடிவாதமாக மறுத்துவிடும். நல்லவேளை!

இந்த ஏற்பாடு பந்தயக் காரில் புகழ் பெற்றது. 1989 மார்ச் 26 அன்று பிரேசில் நாட்டுப் பந்தயத்தில், ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 காரை ஓட்டி நைஜல் மான்செல் வென்றார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கியர் மாற்றும் வசதி கொண்ட அந்தக் காருக்கு அதுவே முதல் பந்தயம். பிறகு மற்ற பந்தயக் கார்களுக்கும், அங்கிருந்து சாலைக் கார்களுக்கும் அது பரவியது. ஆனால் நமக்கு அதன் பயன் பந்தயத்தில் அல்ல, மலையிறக்கத்தில்தான்.

மலையிறக்கத்தில் ஒரு கணக்கு

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில் 40. இத்தகைய ஒரு சாலையில், பயணிகளோடு சேர்த்து 1200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்க. அது இழக்கும் நிலை ஆற்றல் 1200 × 9.8 × 1000, அதாவது சுமார் 1 கோடியே 18 இலட்சம் ஜூல். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்!

இந்த ஆற்றல் எங்கே போகும்? வேகமாக மாறினால் ஆபத்து. ஆகவே வெப்பமாக மாற வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால், அத்தனை வெப்பமும் நான்கு சக்கரங்களின் பிரேக் இரும்புகளில் சேரும். அவற்றின் மொத்த நிறை 20 கிலோகிராம் என்று கொண்டால், வெப்பம் சிறிதும் வெளியேறாத நிலையில் அவற்றின் வெப்பநிலை 1200 டிகிரிக்கு மேல் உயர வேண்டும். வார்ப்பிரும்பு உருகும் அளவு அது! காற்று குளிர்விப்பதால் அந்த நிலை வருவதில்லை. ஆயினும் பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பிரேக் திரவமும் கொதிக்கக்கூடும். 'டாட் 4' வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு இந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். மிதித்த விசை குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகி, மிதி தரைவரை போகும், வண்டியோ நிற்காது. மலையில் "பிரேக் பிடிக்கவில்லை" என்று செய்தித்தாளில் படிக்கும் விபத்துகள் பலவற்றின் பின்னால் உள்ள இயற்பியல் இதுதான்.

எஞ்சினே பிரேக்காக

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. மூடிய காற்று வழியை எதிர்த்து பிஸ்டன்கள் காற்றை இழுக்க வேண்டும். உராய்வையும் வெல்ல வேண்டும். இந்த எதிர்ப்பு 30 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடைசிக் கியரில் அது மூன்று மடங்காகி 90 ஆகும். எஞ்சினின் 8 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று என்ற கணக்குள்ள இரண்டாம் கியரிலோ 240 ஆகும். சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர். ஆகவே வண்டியைத் தடுக்கும் விசை கடைசிக் கியரில் 300 நியூட்டன். இரண்டாம் கியரில் 800 நியூட்டன். 15 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் நமது காரைக் கீழே இழுக்கும் விசை 1200 × 9.8 ÷ 15, அதாவது 784 நியூட்டன். பார்த்தீர்களா? இரண்டாம் கியரில் ஏறக்குறைய பிரேக்கே தேவைப்படாது! வெப்பம் எஞ்சினுக்குப் போய், புகைக்குழாய், ரேடியேட்டர் வழியே வெளியேறிவிடும். மிதிப் பிரேக்கு குளிர்ச்சியாக, வளைவுக்கும் அவசரத்துக்கும் ஆயத்தமாக இருக்கும்.

சிலர் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, இறக்கத்தில் நடுநிலையில் வண்டியை விடுவார்கள். இது இரட்டைத் தவறு. நடுநிலையில் எஞ்சினின் தடை முழுவதும் போய்விடும். அதோடு, நடுநிலையில் ஓடும் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடித்தே தீரும். இன்றைய கார்களிலோ, கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டால், எஞ்சின் போதிய வேகத்தில் சுழலும் வரை பெட்ரோல் தெளிப்பது நின்றுவிடும்.

கண்ணும் கணிப்பொறியும்

இப்போது நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கணிப்பொறிக்கு வேகம் தெரியும். எஞ்சினின் நிலை தெரியும். சில கார்களில் சரிவுகூடத் தெரியும். ஆனால் அடுத்த வளைவுக்கு அப்பால் சாலை இன்னும் செங்குத்தாக இறங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆக்சிலேட்டரை விட்டதும், "அவசரமில்லை போலும்" என்று அது மேல் கியருக்கு மாற்றிவிடவும் கூடும். முன்னே உள்ள பாதையைக் காண்பது ஓட்டுநரின் கண். கண் கண்டதைக் கணிப்பொறிக்குச் சொல்லும் வாயே கழித்தல் குறி இட்ட அந்தத் தகடு. வளைவுக்கு முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போதே, அதை இழுக்க வேண்டும். சில கார்களில், டி-யில் இருக்கும்போது இழுத்தால் சிறிது நேரத்திற்குப் பின் வண்டி தன் விருப்பப்படி கியர் மாற்றத் திரும்பிவிடும். கையால் மாற்றும் நிலையில் வைத்தால்தான் கியர் நிலைத்திருக்கும். உங்கள் வீட்டுக் கார் எந்த ரகம் என்று அதனுடன் தந்த கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். தகடுகள் இல்லாத பல ஆட்டோமாட்டிக் கார்களிலும் கியர்க் கம்பியின் மூலம் கியரைக் குறைக்க வழி உண்டு.

சில மின்சாரக் கார்களிலும் இதே தகடுகள் உள்ளன. ஆனால் அவற்றில் மாற்றக் கியர்களே இல்லை. அங்கே தகடு, மோட்டார் எவ்வளவு ஜெனரேட்டராக மாறி வண்டியைத் தடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அந்த ஆற்றல் 3 யூனிட்டுக்கும் சற்று மேற்பட்ட மின்சாரம். அதில் ஒரு பகுதி பாட்டரிக்கே திரும்பிவிடுகிறது.

கார் ஓட்ட உங்களுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். அதன் இயற்பியலை அறிய வயது வரம்பு இல்லை. அடுத்த விடுமுறையில் மலையிலிருந்து இறங்கும்போது, எந்தக் கியரில் வண்டி இறங்குகிறது என்று கவனியுங்கள். கடைசிக் கியராக இருந்தால், இந்தக் கணக்கை ஓட்டுபவருக்கு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். 784 நியூட்டனும் 800 நியூட்டனும் நிச்சயம் அவரை யோசிக்க வைக்கும்.